ஒரே சாலை, மூன்று டிசம்பர்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரைக்கும் டிசம்பர் முதல் வாரத்தில் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகத் தெரிவது ஒரே காட்சிதான். கடைக்குக் கடை ஸ்டார், பேக்கரி வாசலில் பிளம் கேக் போர்டு, துணிக்கடையில் பஞ்சுத் தாடி வைத்த தாத்தா. ஆனால் இறங்கி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், எந்தக் கோயிலுக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து நாளே மாறிவிடும். இலத்தீன், சீரோ மலபார், மலங்கரை என்று மூன்று ரீத்தும், அதாவது வழிபாட்டு மரபும், கத்தோலிக்கம்தான், திருத்தந்தையும் ஒருவர்தான். நாட்காட்டி மட்டும் மூன்று. தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்கள் 1996-லும் குழித்துறை 2014-லும் உருவான பிறகு இந்தக் கலப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. மாமியார் வீடு ஒரு ரீத்து, அம்மா வீடு இன்னொரு ரீத்து என்று இருக்கிற குடும்பங்களில் டிசம்பர் வந்தாலே எப்போது நோன்பு, எப்போது குடில், எப்போது இறக்கவேண்டும் என்று கேள்விகள் கிளம்பும். அதற்காகத்தான் இது.

2026 டிசம்பர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இலத்தீன் கோயிலில் கிறிஸ்மஸுக்குத் தயாராகும் திருவருகைக்காலத்தின் 2-ஆம் ஞாயிறு. மாற்கு நற்செய்தியின் முதல் எட்டு வசனங்கள்: திருமுழுக்கு யோவான் ஒட்டக முடி ஆடையோடு பாலைநிலத்தில் நின்று குரல் கொடுக்கிறார். சீரோ மலபார் கோயிலில் அதே தயாரிப்புக்கு மங்களவார்த்தைக் காலம் என்று பெயர், அன்று அதன் 2-ஆம் ஞாயிறு. வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் நாள், யோவான் இன்னும் எலிசபெத்தின் வயிற்றில். மலங்கரைப் பள்ளியில் (கோயிலைத்தான் அப்படிச் சொல்வார்கள்) அன்றுதான் யோவானின் பிறப்பு. ஒரே காலையில், ஒரே சாலையில், ஓரிடத்தில் வளர்ந்த ஆள், ஓரிடத்தில் கருவிலுள்ள சிசு, ஓரிடத்தில் பச்சைப்பிள்ளை. மூன்றும் சரி.

சீரோ மலபார், மலங்கரை ஆகிய கீழை மரபுகளில் கிறிஸ்து பிறப்பை ஒரு குடும்பக் கதையாக, வரிசைப்படி நடந்து போய்ச் சேருகிறார்கள். மலங்கரை நாட்காட்டியில் ஆண்டு தொடங்குவதே கிறிஸ்மஸுக்கு எட்டு ஞாயிறு முன்னால். 2026-ல் அது நவம்பர் 1. முதல் ஞாயிறு கூதோஷ் ஈத்தோ, அதாவது திருச்சபையைத் தூய்மைப்படுத்துதல். அடுத்தது ஹூதோஷ் ஈத்தோ, புதுப்பித்தல். பிறகு செக்கரியாவுக்கு அறிவிப்பு, மரியாவுக்கு அறிவிப்பு, மரியா எலிசபெத்தைச் சந்தித்தல், யோவான் பிறப்பு, யோசேப்புக்கு வெளிப்பாடு, கடைசியாக வம்சவழி ஞாயிறு. சீரோ மலபாரில் இதைச் சுருக்கி நான்கு ஞாயிறு: செக்கரியா, மரியா, யோவான் பிறப்பு, யோசேப்பு. ‘மங்கள வார்த்தை’ என்ற சொல் மலையாளத்திலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்கவேண்டாம். நம் பழைய செபப்புத்தகங்களில் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்துக்கே அதுதான் பெயர்.

இலத்தீன் மரபோ தலைகீழாகத் தொடங்குகிறது. முதல் ஞாயிறு வாசகம் குழந்தையைப் பற்றியதே அல்ல. உலக முடிவு, விழித்திருங்கள், வீட்டுத் தலைவர் எந்த நேரம் வருவார் என்று தெரியாது. டிசம்பர் 16 வரைக்கும் திருவருகைக்காலம் பேசுவது இரண்டாம் வருகையைப் பற்றி. 17-ஆம் தேதிதான் கதவு திரும்புகிறது. அன்றிலிருந்து 24 வரை ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்ட தனி வாசகம் உண்டு. 17 அன்று மத்தேயுவின் தலைமுறை அட்டவணை. வாசிக்கிறவர்கள் பயப்படும் அந்தப் பெயர்ப்பட்டியல்தான்: மூன்று பதினான்கு தலைமுறை, நடுவில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. மலங்கரைக்காரர்கள் வம்சவழி ஞாயிற்றில் வாசிப்பதும் இதே வம்சம்தான். முதல் பாதியை விட்டுவிட்டு, டிசம்பர் 1-ஆம் தேதியே கோயிலுக்குள் கிறிஸ்மஸ் பாட்டு போடுகிற பங்குகள் நிறைய. அது குற்றமில்லை, ஆனால் நஷ்டம். 24 இரவு பாட வேண்டியதை 24 நாள் பாடித் தேய்த்துவிட்டால், அந்த இரவில் எடுத்துவைக்கக் கையில் எதுவும் இருக்காது.

இதே காரணத்தால்தான் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு திருவருகைக்கால ஞாயிறுகளில் இல்லை. தவக்காலத்தைப் போலத் துக்கத்தால் நிறுத்தவில்லை. அது பெத்லகேம் வானதூதர்களின் பாட்டு, அவர்கள் வரும் இரவுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் ‘அல்லேலூயா’ நிற்பதில்லை. பீடத்தில் பூவும் முற்றிலும் விலக்கல்ல, அளவோடு வைக்கலாம். ஊதா உடையைப் பார்த்ததும் தவக்காலச் சட்டம் எல்லாவற்றையும் இங்கே இழுத்து வரும் பழக்கம் பீடத்தை அலங்கரிப்பவர்களிடம் உண்டு. வேண்டாம்.

முதல் ஞாயிற்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் உள்ள ஞாயிறு. ஆக அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். 2026-ல் நவம்பர் 29. அன்று ஞாயிறு வாசகங்கள் முதல் ஆண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்கு, அதாவது மத்தேயுவிலிருந்து மாற்குக்கு மாறும். வாசகப் புத்தகத்தை மாற்றாமல் பழைய தொகுதியையே மேடையில் வைத்துவிட்டு, வாசிக்கப் போனவர் பக்கம் புரட்டித் தவிப்பது ஆண்டுதோறும் எங்காவது நடக்கும். சனிக்கிழமை மாலையே மாற்றி நாடா வைத்துவிடுங்கள்.

குமரி மாவட்டத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் 24 கொடியேறி டிசம்பர் 3-ல் முடியும். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரத்துச் சான்சியான் தீவில் அவர் இறந்த நாள் அது. அதனால் கொடி பறந்துகொண்டிருக்கும்போதே திருவருகைக்காலம் தொடங்கிவிடுகிறது. 2026-ல் திருவிழாவின் 6-ஆம் நாள் முதல் ஞாயிறு. அன்று எத்தனை சிறப்பு விருந்தினர் வந்தாலும் திருப்பலிப் பாடம் ஞாயிற்றினுடையதுதான். திருவருகைக்கால ஞாயிறு பெருவிழாக்களையும் விட மேலே. டிசம்பர் 3-ஏ ஞாயிறாக விழுந்தால்? 2023-ல் விழுந்தது, 2028-லும் விழும். அப்போது திருவழிபாட்டு முறைப்படி சவேரியார் திங்களுக்குத் தள்ளிப்போக வேண்டும். தேர் எந்த நாள் ஓடும் என்பது வேறு கணக்கு.

அதே ஆண்டுகளில்தான் இன்னொரு தலைவலியும். டிசம்பர் 3 ஞாயிறானால் 24-உம் ஞாயிறு. காலையில் 4-ஆம் ஞாயிறு, ஊதா, நான்காவது திரி. மதியம் மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் வெள்ளைக்கு மாற்றிக் குடிலையும் முடித்து, மாலையில் கிறிஸ்மஸ். அந்தத் திருவருகைக்காலத்துக்கு 22 நாள்தான், இருப்பதிலேயே குட்டி. அந்த ஆண்டு “ஞாயிறு மாலைப் பூசை கண்டால் இரண்டுக்கும் சேருமா?” என்று கேட்பார்கள். சேராது. ஞாயிற்றுக் கடமை தனி, கிறிஸ்மஸ் கடமை தனி. சனி மாலையோ ஞாயிறு காலையோ ஒன்று, ஞாயிறு இரவோ திங்களோ இன்னொன்று.

டிசம்பர் 8-ஐப் பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் மறைக்கல்வி முடித்தவர்களே தவறாகச் சொல்கிறார்கள். அமல உற்பவம் என்பது இயேசு மரியாவின் வயிற்றில் உருவானது அல்ல. மரியா தன் தாயின் வயிற்றில் பாவக்கறையின்றி உருவானது. கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்: டிசம்பர் 8-லிருந்து 9 மாதம், செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். இயேசுவின் கருவுறுதல் மார்ச் 25, அங்கிருந்து 9 மாதம் டிசம்பர் 25. திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854-ல். அன்று ‘உன்னதங்களிலே’ உண்டு, வெள்ளை உடை. 2024-ஐப் போல 8-ஆம் தேதி ஞாயிறாக விழுந்தால் 9-க்குத் தள்ளிப்போகும்.

இனி திருவருகை வளையம்: இலை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரி. இது கத்தோலிக்கரின் கண்டுபிடிப்பு அல்ல. 1839-ல் ஹாம்பர்க் நகரில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த லூத்தரன் போதகர் விக்கெர்ன் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுதிரி நட்டுத் தொடங்கி வைத்தது. வாரநாளுக்குச் சின்னச் சிவப்புத் திரி, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளைத் திரி. ‘கிறிஸ்மஸ் என்றைக்கு, என்றைக்கு’ என்று பிள்ளைகள் நச்சரித்ததற்கு அவர் கண்ட பதில். மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்பது பிறகு வந்த வழக்கம். சட்டம் இல்லை. ரோஸ் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ரோஸ் நாடா கட்டினால் போதும். அது ஏற்றப்படுவது மூன்றாவது ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. ரோஸ் உடை இல்லாத பங்கில் ஊதாவையே போடலாம், அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை.

வளையத்தில் தவறு நடப்பது திரியின் நீளத்தில். நான்கும் ஒரே அளவில் வாங்கி, முதல் திரி மூன்றாவது வாரத்திலேயே இலையைத் தொட்டு எரியும். கணக்குப் போட்டு வாங்குங்கள். 2026-ல் வீட்டில் தினமும் மாலைச் செபத்தில் கால் மணிநேரம் ஏற்றினால் முதல் திரி 26 நாள், இரண்டாவது 19, மூன்றாவது 12, நான்காவது 5. முதல் திரி எரிவது மொத்தம் ஆறரை மணி நேரம், நான்காவது ஒன்றேகால். முக்கால் அங்குலப் பருமனுள்ள சாதாரண மெழுகுதிரி மணிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கும். அப்படியானால் முதல் திரிக்கு ஏழு அங்குலம் எரியவே வேண்டும், இலைக்கு மேல் நிற்க இன்னும் மூன்று. பத்து அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். கடைசி வாரத்தில் நான்கும் படிப்படியாக நிற்பதுதான் அழகு. சமமாக இருக்கவேண்டும் என்று நடுவில் புதுத்திரி மாற்றுகிறவர்கள் அந்த அழகைக் கெடுக்கிறார்கள்.

மின்விசிறிக்குக் கீழே வைக்கவேண்டாம். சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து மெழுகுச்சுவர் உருகி உடைந்து, முழுக்கக் கொட்டிவிடும். மணிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கும் அதோடு போச்சு. இலைக்குச் சவுக்குக் கொப்பு நல்லது, ஆனால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்த சவுக்கு பற்றினால் நொடியில் போய்விடும். சனிக்கிழமைதோறும் மாற்றுங்கள். திரி நட வாழைத்தண்டுத் துண்டுகள் நம் ஊர் வசதி: நான்கு அங்குல உயரத்தில் நான்கு துண்டு, நடுவில் திரியின் பருமனுக்கு ஒரு குழி. ஈரம் இருக்கிறவரை இலையும் வாடாது, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. எட்டு பத்து நாளில் கறுத்துப் போகும், புதிதாய் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். வாழைக்கறை பீடத்துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன் வரும் ஏழு ‘ஓ’ முன்மொழிகளை, அதாவது ‘ஓ’ என்று தொடங்கும் குறும்பாடல்களை, தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு. ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களினங்களின் அரசரே, ஓ இம்மானுவேலே. நாளுக்கு ஒன்று. இலத்தீனில் இந்த ஏழின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கோர்த்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும்: ‘நாளை இருப்பேன்’. ஏழாவது பாடப்படும் 23-ஆம் தேதிதான் அந்த வாக்கியம் முழுமையாகிறது. பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் நீளமான நவநாள் வைப்பதற்குப் பதில் இந்த ஏழை நாளுக்கொன்றாகப் பாடினால் பத்து நிமிடத்தில் முடியும், விஷயமும் ஆழம்.

நோன்பு விஷயம். சீரோ மலபார் வீடுகளில் டிசம்பர் 1-ல் தொடங்குவது இருபத்தைந்து நோன்பு. இறைச்சி, முட்டை, பல வீடுகளில் மீனும் கிடையாது. கிறிஸ்மஸ் பூசை முடிந்து வந்து ஆப்பமும் இறைச்சியும் சாப்பிடுவதற்கு அந்த ருசி வருவதே இதனால்தான். இலத்தீன் வீடுகளுக்கு இது கட்டாயம் இல்லை. விருப்பத்தில் இருப்பவர்கள் உண்டு. வேறு ரீத்து மருமகள் வந்த வீட்டில் தனிச்சட்டி வைப்பதைவிட, எல்லோரும் வெள்ளிக்கிழமையாவது சேர்ந்து விடுவது என்று முடிவுசெய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

குடிலுக்கு வருவோம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் கிரேச்சோ ஊரில் வைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. அந்த இரண்டும் நற்செய்தியில் இல்லை, எசாயா முதல் அதிகாரம் 3-ஆம் வசனத்திலிருந்து வந்து நின்றவை: ‘காளை தன் உடைமையாளனை அறிந்துகொள்கின்றது’ என்று தொடங்கும் இடம். மூன்று ராஜாக்களும் அப்படியே. மத்தேயு ‘ஞானிகள்’ என்கிறார், மூன்று என்றோ அரசர் என்றோ சொல்லவில்லை. பரிசு மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது தொழுவத்துக்கும் அல்ல, ‘வீட்டுக்குள்’ போனார்கள் என்றிருக்கிறது. அதனால் டிசம்பர் 24-ஆம் தேதி இரவே இடையர்களோடு இடித்துக்கொண்டு ராஜாக்களை நிறுத்தாமல், கோயிலின் மறுகோடியில் ஒட்டகத்தோடு வைத்து நாளுக்குக் கொஞ்சமாய் நகர்த்திக்கொண்டு வாருங்கள். சிறுபிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மறைக்கல்வி கிடையாது. குழந்தை சுரூபம் இரவுப் பூசை வரை தொட்டிலில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சாக்ரிஸ்டியில் (பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில்) அதை எங்கே வைத்தோம் என்று இரவு பதினொன்றரைக்குத் தேடாமல் இருந்தால் சரி.

குடிலின் பச்சைக்கு நெகிழிப் புல் விரிப்பதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. விதைத்தால் பத்து நாளில் பச்சை வரும். ஓரடிக்கு இரண்டடித் தட்டு ஒன்றுக்கு அரைக்கிலோ நெல். வயலெல்லாம் ரப்பரான ஊரில் விதைநெல்லுக்கு அலையவேண்டும், பழைய நெல் முளைக்காது. மருந்து பூசிய விதையானால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். டிசம்பர் 13 காலையில் தண்ணீரில் போட்டு மறுநாள் காலை வடிகட்டி, ஈரச்சாக்கில் மூட்டையாகக் கட்டி ஒரு நாள் வையுங்கள். வெள்ளை முனை தெரிந்ததும் தட்டில் ஓர் அங்குல மண்ணின்மேல் நெருக்கமாகப் பரப்பி, ஈரச்சாக்கை மேலே மூடி இரண்டு நாள். பிறகு சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவர மறந்தால் மஞ்சளாய், நெட்டையாய் வளர்ந்து சாயும். நம்மூரில் அந்த மாதம் மழை விட்டு விட்டுப் பெய்வதால் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீரை ஊற்றாமல் தெளித்தால் போதும், தேங்கினால் வேரில் பஞ்சுபோல் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும், அந்தத் தட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நாள் கடந்துவிட்டதென்றால் கடுகு: 20 கிராம், ஊறவைக்காமலே ஈரமண்ணில் தூவினால் ஆறு நாளில் இரண்டிலை விட்டுவிடும். புல் மாதிரி இராது, இருந்தாலும் பச்சை.

ஸ்டாருக்கு ஒரே ஒரு வார்த்தை: எடையை ஒயரில் தொங்கவிடாமல் தனிக் கயிற்றில் கட்டுங்கள், உள்ளே 5 வாட்ஸ் எல்.இ.டி. போதும். பழைய குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கிவிடும்.

கிறிஸ்மஸுக்கு இலத்தீன் முறையில் நான்கு திருப்பலிகள், நான்கும் வேறு வேறு. திருவிழிப்பு மாலைக்கு மத்தேயு முதல் அதிகாரம், தலைமுறைப் பட்டியலோடு. நள்ளிரவுக்கு லூக்கா 2:1-14, வானதூதர். விடியலுக்கு அதன் தொடர்ச்சி, இடையர்கள் போய்ப் பார்ப்பது. பகலுக்கு யோவான் முதல் அதிகாரம், ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’. குழந்தையும் தொட்டிலும் இல்லாத ஒரே கிறிஸ்மஸ் வாசகம் அது. இரவுப் பூசையோடு முடித்துக்கொள்பவர்கள் கேட்பதேயில்லை. நம்பிக்கை அறிக்கையில் ‘உடல் எடுத்து’ என்ற இடத்தில் மற்ற நாள் தலைவணங்குவோம், கிறிஸ்மஸன்றும் மார்ச் 25-லும் மட்டும் முழந்தாளிட வேண்டும். வழிநடத்துபவர் ஒரு வரி முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பாதிப்பேர் முழந்தாளில், பாதிப்பேர் நின்றபடி பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். இரவுப் பூசைக்கு முன் பாடப்படும் பிறப்பு அறிவிப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆபிரகாம், மோசே, தாவீது என்று இறங்கி, 194-ஆம் ஒலிம்பியாடு, உரோமை நகர் நிறுவப்பட்டு 752-ஆம் ஆண்டு, அகுஸ்து சீசரின் 42-ஆம் ஆண்டு என்று உலகக் காலண்டர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, பிறந்தார் என்று சொல்லும். ‘ஒரு ஊரில் ஒரு காலத்தில்’ அல்ல என்பதுதான் அதன் பொருள்.

மலங்கரைப் பள்ளி முற்றத்தில் அதே இரவு சிலுவை வடிவில் ஒரு குழி இருக்கும். குருத்தோலை ஞாயிற்றில் வாங்கி வீட்டில் செருகி வைத்த ஓலைகளைக் கொண்டுவந்து அதில் போட்டுத் தீ மூட்டி, சுற்றி வந்து சாம்பிராணி இடுவார்கள். இடையர்கள் குளிர்காய்ந்த தீ, உலகுக்கு வந்த ஒளி. இலத்தீன் வீடுகளிலும் அதே ஓலை நிலைக்கதவில் செருகியிருக்கும், ஆனால் அது போவது சாம்பல் புதனுக்கு. ஒரே தென்னங்குருத்து: ஒரு ரீத்தில் பிறப்பின் தீயாகிறது, இன்னொன்றில் நெற்றிச் சாம்பலாகிறது. இரு ரீத்தும் உள்ள வீட்டில் டிசம்பரில் எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10-ஆம் தேதியே வந்துவிடுகிறது.

ஒளி என்றதும் ஒன்று. ஐரோப்பாவில் டிசம்பர் என்றால் இருட்டு, அதனால் அங்கே எழுதப்பட்ட திருவருகைப் பாடல்களில் இருளும் ஒளியும் நிறைய. இங்கே எட்டு பாகை அட்சரேகையில் ஆண்டின் மிகநீண்ட பகலுக்கும் மிகக்குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஜூன் 24 யோவான் பிறப்பு, டிசம்பர் 25 இயேசு பிறப்பு, ஒன்றிலிருந்து பகல் குறையும், மற்றதிலிருந்து வளரும், ‘அவரது செல்வாக்குப் பெருக வேண்டும், எனது செல்வாக்குக் குறைய வேண்டும்’ என்ற விளக்கம் அழகுதான். களியக்காவிளையில் கடிகாரம் பார்த்தால்தான் தெரியும்.

25-க்குப் பிறகு கேக்கோடு முடிந்தது என்று பலரும் கரோல் டிரம்மைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் காலமே தொடங்குகிறது. எட்டு நாள் எண்கிழமை. 26 புனித ஸ்தேவான், சிவப்பு. 27 யோவான், வெள்ளை. 28 மாசில்லாக் குழந்தைகள், மறுபடி சிவப்பு. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஏன் இவ்வளவு இரத்தம் என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு: மனத்தாலும் செயலாலும் மறைசாட்சி ஸ்தேவான். மனத்தால் தயாராயிருந்தும் இயல்பாக இறந்தவர் யோவான். மனமறியாமலே செயலில் மறைசாட்சியானவை அந்தக் குழந்தைகள். இடையில் வரும் ஞாயிறு திருக்குடும்பம், 2026-ல் 27-ஆம் தேதி என்பதால் யோவானுக்கு அந்த ஆண்டு இடமில்லை. கிறிஸ்மஸே ஞாயிறாக விழுந்தால் திருக்குடும்பம் 30-ஆம் தேதி வெள்ளிக்கு வரும். ஜனவரி 1 புத்தாண்டுப் பூசை என்று போஸ்டரில் போட்டாலும் அது இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா, அந்தப் பட்டம் 431-ல் எபேசு சங்கத்தில் உறுதியானது. எட்டாம் நாள் பிள்ளைக்கு இயேசு என்று பெயரிட்டதும் அன்றைய வாசகத்தில்தான்.

ஞானிகள் குழந்தையைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி ஜனவரி 6. நம் நாட்டில் இலத்தீன் முறையில் ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையில் வரும் ஞாயிறு. 2027-ல் ஜனவரி 3, அன்றுதான் அந்த ஒட்டகங்கள் வந்து சேரவேண்டும். அடுத்த ஞாயிறு 10, ஆண்டவரின் திருமுழுக்கு. திருக்காட்சி 7, 8 தேதிகளில் விழுந்தால் திருமுழுக்கு மறுநாள் திங்களே வந்துவிடும். 2024-ல் அப்படித்தான் ஆனது. அந்த ஆண்டு குடில் இறக்க ஞாயிறு வரை காத்திருந்தவர்கள் பொதுக்காலத்தில் குடில் வைத்திருந்தார்கள். கீழை ரீத்துகளில் ஜனவரி 6 என்றால் தெனஹா, ஞானிகளைவிட யோர்தானில் திருமுழுக்குதான் மையம். மலங்கரையில் அன்று தண்ணீர் ஆசீர்வாதம். கேரளத்தில் வடக்கே போனால் இதையே ராக்குளிப் பெருநாள் என்றும், வாழைத்தண்டு நட்டு விளக்கேற்றுவதால் பிண்டிகுத்திப் பெருநாள் என்றும் சொல்வார்கள். இரிஞ்ஞாலக்குடாவில் விசேஷம். நம் வளையத்துக்கு வெட்டிய அதே வாழைத்தண்டு.

ஆக, இலத்தீன் குடிலை இறக்கவேண்டியது 2027 ஜனவரி 10 மாலைப் பூசைக்குப் பின். பொங்கல் வரை இருக்கட்டும் என்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் திருநாள். நட்டாலத்தில் பிறந்து, 1752-ல் அதே தேதியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டவர், 2022 மே 15-ல் புனிதரானவர். மூன்று நாளைக்குள் பீடத்தைச் சிவப்புக்கு மாற்றவேண்டும். சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள், ஈரத்தில் அச்சுமை ஒட்டும். குழந்தையை மட்டும் தனிப்பெட்டியில், மேலே பெயர் எழுதி வையுங்கள்.